நனையாத விரிப்பு

அந்த வீட்டில் காலையில் முதலில் எழும் குரல் மீட்டரைப் பற்றியதாகத்தான் இருக்கும். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் மகன் பல்கூடத் துலக்காமல் மாடிப்படி இறங்கி, வாசல் சுவரில் பதித்த இரும்புப் பெட்டியின் மூடியைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணைப் படிப்பான். பிறகு அண்ணாந்து பார்த்து, நேற்றைக்கு எவ்வளவு ஓடியது என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்துவான். மாடிக்கு மட்டுமா, தெருவுக்கே கேட்கும். பந்தயத்தில் ஸ்கோர் சொல்கிறவனுக்குக்கூட அத்தனை சிரத்தை இருக்காது.

மேலே அடுப்படியில் நிற்கும் அவன் மனைவிக்கு அது கேட்கும். அடுத்த அறையில் படுத்திருக்கும் அவன் அப்பாவுக்கும் கேட்கும். அப்பாவுக்குக் கேட்கிறது என்பதை மட்டும் யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் காதில் என்ன விழுந்தால் என்ன என்கிற அலட்சியம் நம் எல்லோருக்கும் உண்டு.

ஏரி வறண்டு சேறாகி, சேறும் காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பைப் படம் பிடித்துப் பிடித்துப் பத்திரிகைக்காரர்களுக்கே சலித்துப்போன பிறகு, தண்ணீர் வாரியம் வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அளவு கட்டியது. அளவைத் தாண்டினால் மீட்டர் பெட்டியில் மஞ்சள் அட்டை மாட்டுவார்கள். மறுபடியும் தாண்டினால் சிவப்பு அட்டை. அதற்கும் அசையாத வீட்டுக்கு வில்லை. வில்லை ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளை போட்ட பித்தளைத் தட்டு, அவ்வளவுதான். அதைக் குழாய்க்குள் வைத்து முடுக்கி, சீல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தரைத்தளத்து வீடு என்றால் நூல் மாதிரியாவது ஒழுகும். மாடி வீட்டுக்கு அதுவும் ஏறாது.

இவர்கள் வீடு மாடி வீடு. கீழே இருப்பது வேறு குடும்பம், வேறு மீட்டர். வில்லை விழுந்த வீட்டுப் பெண்கள் தெருக்கோடிக்கு வரும் தண்ணீர் லாரியைப் பார்த்துக் குடமும் கையுமாக ஓடுவதை மருமகள் பார்த்திருக்கிறாள். அந்த லாரி வருவதோ அவள் வேலையில் இருக்கும் நேரத்தில். நம் வீட்டுக்கும் வில்லை விழுந்தால் படுக்கையில் இருக்கும் மனுஷரைக் கழுவித் துடைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? 

மாமனார் ஒரு காலத்தில் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் தெருவுக்கு அவர் இன்னும் 'செக்கர்'தான். டிக்கெட் இல்லாமல் ஏறியவன் சொந்த மச்சானே ஆனாலும் இறக்கிவிட்டுவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே ஒரு தடவை இறக்கிவிட்டார். நடுவழியில் நின்ற அந்த மச்சான் சாகும்வரைக்கும் இவரோடு பேசவில்லை. யாரும் எதையும் ஓசியில் அனுபவிக்கக் கூடாது, தான் உட்பட. அவருக்குத் தெரிந்த ஒரே வேதாந்தம் அதுதான். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கூடவே சிறுநீரும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. வரப்போவது தெரியாது, வந்த பிறகு விரிப்பு நனைந்தால்தான் தெரியும்.

டயப்பர் கட்டலாமே என்பீர்கள். கட்டிப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? தொடையெல்லாம் வெந்து புண்ணாகி, கழற்றுவதற்குள் மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். அதற்குப் பிறகு துணி விரிப்புதான். நாளுக்கு மூன்று நாலு மாற்ற வேண்டியிருக்கும். நனைந்ததைத் துவைக்க வேண்டும், அவரையும் துடைக்க வேண்டும். அத்தனைக்கும் தண்ணீர் வேண்டும்.

ஆரம்பத்தில் மருமகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். அவள் வேலை பார்த்தது ஹோட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கூடத்தில். ஆளுயர இயந்திரங்கள், எந்நேரமும் ஆவி, நிமிர்ந்து பேசினால் வாய்க்குள் சோப்புப் பொடி போகும். அங்கே வருவதெல்லாம் வெள்ளை விரிப்பு. அவளும் மாமனாருக்கு வெள்ளை விரிப்பாகவே வாங்கி வைத்துக்கொண்டாள். நனைந்ததைக் கசக்கிப் பைக்குள் திணித்து எடுத்துப்போய் ஹோட்டல் மூட்டைக்குள் நைசாக நுழைத்துவிடுவாள். வெளுத்து, உலர்ந்து, மடித்து வரும்போது தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஏதோ ஒரு பெரிய ஹோட்டலின் புண்ணியத்தில் செக்கர் இஸ்திரி போட்ட விரிப்பில் படுத்துக் கிடந்தார். இது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால் படுக்கையை விட்டு உருண்டு தரையில் படுத்திருப்பார்.

அகப்பட்டுக்கொண்டது எண்ணிக்கையில். தண்ணீர் வாரியம் சலவைக் கூடத்துக்கும் அளவு கட்டியதும், மேற்பார்வையாளர் ஒவ்வொரு மூட்டையையும் எண்ணத் தொடங்கினார். வந்ததைவிட அதிகமாக விரிப்பு வெளுத்து வெளியே வருகிறது! துணி குறைந்தால் திருட்டு, புரிந்துகொள்ளலாம். துணி எப்படிக் குட்டி போடும்? மனுஷர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து, கடைசியில் அவள் பையைத் திறக்கச் சொன்னார்.

"யாரோடதும்மா இது?"

"எங்க மாமாவோடது சார். படுக்கையில இருக்காரு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "எனக்கும் அப்பா இருக்காரும்மா. ஆனா இன்னொரு தடவை பாத்தேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. என் வேலையும் சேந்து போயிடும்," என்று சொல்லிப் பையை அவரே மூடிக் கொடுத்தார்.

அதோடு அந்தக் கதவும் சாத்தியாயிற்று. விரிப்பெல்லாம் வீட்டுக் குழாய்க்கு வந்தது. மீட்டர் குதிரை மாதிரி ஓடியது. காலையில் கீழேயிருந்து வரும் குரலில் சந்தோஷம் போய்ச் சலிப்பு வந்தது, சலிப்பு போய்ப் பயம் வந்தது. முதலில் மஞ்சள் அட்டை. பிறகு சிவப்பு.

அவர்கள் என்ன, சும்மாவா இருந்தார்கள்? குளிப்பது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. கை கழுவிய தண்ணீர், காய் அலசிய தண்ணீர் எதுவும் சாக்கடைக்குப் போகக் கூடாது; எல்லாம் மறு உபயோகத்துக்கென்று வைத்த 'மறுவாளி'யில் விழ வேண்டும், அதுதான் கழிப்பறைக்கு. செக்கருடைய கட்டில் பக்கத்திலும் ஒரு சின்ன மறுவாளி இருந்தது. கட்டிலில் சாய்ந்தபடியே வாய் கொப்பளிக்கவும் கை கழுவவும் நல்ல கையால் அதை எட்டிக்கொள்வார். இவ்வளவு செய்தும் சிவப்பு அட்டை வந்தது என்றால் மிச்சம் பிடிக்க இனி என்ன இருக்கிறது? விரிப்புதான் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சிவப்பு அட்டை விழுந்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மீட்டர் அக்கா வந்தாள். தெருவின் தண்ணீர்க் குழுவுக்கு அவள்தான் தலைவி. அட்டை மாட்டுவதும் எடுப்பதும் அவள் கையில், அதனால்தான் அந்தப் பெயர். அட்டை விழுந்த வீடெல்லாம் அவளைத் திட்டும், ஆனால் கெட்டவள் இல்லை.

"படுக்கையில இருக்கறவங்களுக்குன்னு தனி அளவு இருக்கேம்மா. ஏன் நீங்க கேக்கவே இல்ல?" என்றாள்.

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதுக்கு என்னக்கா பண்ணணும்?"

"நான் ஒரு தடவை வந்து பாத்துட்டு ஆமான்னு சொல்லணும். அப்புறம் வாரியத்துலேருந்து ஒரு ஆள் வருவாரு. படுக்கை, துணிமணி எல்லாம் பாப்பாரு. சும்மா பேருக்குத்தான்."

"யாரும் வந்து எதையும் பாக்க வேணாம்!"

உள்ளேயிருந்து வந்தது அந்தக் குரல். பக்கவாதத்தில் குழறிப்போயிருந்த நாக்கு அன்றைக்கு மட்டும் எப்படித் தெளிவாகப் பேசியதோ தெரியவில்லை. மீட்டர் அக்கா சங்கடப்பட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று சைகை காட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

மருமகள் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மாமா, ஊர் உலகத்துல இல்லாததா? வயசானா, உடம்பு முடியலன்னா, வர்றதுதான். ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க."

"எத்தனை பேர்கிட்ட நான் 'எடு, காட்டு'ன்னு கேட்டிருப்பேன் தெரியுமாம்மா? பஸ்ஸே திரும்பிப் பாக்கும். அப்ப அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத்தான் தெரியும்." ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னார். "என் போர்வையைத் தூக்கி எவனோ பாக்கணும், பாத்துட்டு ஆமா நனைஞ்சிருக்குன்னு சொல்லணும். வேணாம்மா. அதுக்கு நான் போய்ச் சேந்துடறேன்."

மகனும் மென்று முழுங்கினான். "அவரு வேணாங்கறாரு, விடேன். வேற ஏதாவது பாப்போம்," என்றான். வேறு என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. வாரியத்து ஆள் வரும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமே என்கிற கூச்சம் அவனுக்கும் இருந்தது. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. அவர்கள் வேண்டாம் என்றால் என்ன, ஒருநாள் மாமனார் தூங்கும்போது மீட்டர் அக்காவை ஓசைப்படாமல் கூட்டிவந்து காட்டிவிட வேண்டியதுதான் என்று மருமகள் மனசுக்குள் முடிவு கட்டினாள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுவது என்று நினைத்தாள். செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த ஞாயிறு வருவதற்குள் ஒரு காலையில் அவள் வழக்கம்போல மாற்று விரிப்போடு உள்ளே போனாள். போர்வையை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நம்பாமல் இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். அங்கேயும் காய்ந்திருந்தது. முந்தின நாள் மாமனாருக்கு லேசாகக் குமட்டல், இராத்திரி தண்ணீரே வேண்டாம் என்று படுத்துவிட்டார். காரணம் அவ்வளவுதான். ஆனால் காரணத்தை யார் யோசித்தார்கள்?

"மாமா! ஒரு சொட்டு இல்ல மாமா! பாஸாயிட்டீங்க போங்க!" என்று சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நல்ல பக்கத்து உதடு மட்டும் மேலே ஏறி, கண் இரண்டும் பளிச்சென்று ஆனது. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவரை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. பாராட்ட என்ன இருந்தது? சாப்பிட்டார், நனைத்தார், தூங்கினார். இன்றைக்குத்தான் இந்த வீட்டில் அவரால் ஒன்று ஆகியிருக்கிறது. அவர் சந்தோஷத்தைப் பார்த்து மருமகளுக்கே கண் கலங்கிவிட்டது.

அன்று பகலிலும் ஒரே ஒரு விரிப்புதான் நனைந்தது. மறுநாள் காலை கீழேயிருந்து எண்ணைக் கத்திய மகன், பழைய உற்சாகம் திரும்பி, "எல்லாம் உங்களாலதாம்ப்பா!" என்று சேர்த்துக் கத்தினான். அதுவும் உள்ளறைக்குக் கேட்டது.

பிறகு நாளுக்கு நாள் நனைவது குறைந்தது. மருமகள் வேலைக்குப் போகும்போது ஒரு கூஜா நிறையக் குடிநீரும் டம்ளரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்து பார்த்தால் கூஜா காலியாக இருக்கும். குடிப்பதெல்லாம் குடிக்கிறார், படுக்கை மட்டும் நனையவில்லை, உடம்பு கட்டுக்கு வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நமக்கு வேண்டியது நடக்கும்போது அது எப்படி நடக்கிறது என்று நாம் யாரைத்தான் கேட்டிருக்கிறோம்?

ஒருநாள் கட்டில் பக்கத்து மறுவாளியைத் தூக்கும்போது அதில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"என்ன மாமா, சோப்பே போடாம கை கழுவறீங்களா? தண்ணி இவ்ளோ சுத்தமா இருக்கு?"

"சோப்பு கரைஞ்சா அதுக்கும் ஒரு மீட்டர் வச்சிடுவான்," என்றார் அவர்.

அவர் வேடிக்கையாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் கொட்டினாள். மீட்டர் அக்காவைக் கூட்டி வருகிற யோசனையைக் கைவிட்டாள். அதுதான் தேவையே இல்லாமல் போய்விட்டதே.

மாதக் கடைசியில் மீட்டர் அக்கா வந்து சிவப்பு அட்டையைக் கழற்றினாள். கழற்றியதோடு விடாமல் வாசலில் நின்று, "படுக்கையில ஒரு ஆளை வச்சுக்கிட்டே எப்படி அளவுக்குள்ள இருக்காங்க பாருங்க, நீங்களும் இருக்கீங்களே," என்று தெருவையே ஒரு பிடி பிடித்தாள். மகனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாடிக்கு ஏறி வந்து, அட்டை போய்விட்டதை அப்பாவிடம் தானே சொன்னான். அப்பா கண்ணைத் திறந்து பார்த்து, தலையை மெல்ல அசைத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நாட்களில் அவர் நிறையத் தூங்கினார். கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கு வறண்டு உதடெல்லாம் வெடித்திருந்தது. மருமகள் அதில் எண்ணெய் தடவிவிட்டாள். வெயில் யாரைத்தான் விட்டுவைத்தது, வெயிலின் வேலை என்றாள். சில நேரம் தூக்கத்தில், "டிக்கெட், டிக்கெட்," என்பார். மகனைப் பார்த்து, எங்கே ஏறினாய் என்று கேட்பார். வயசானால் பழைய ஞாபகம் வருவது சகஜம்தான் என்று மகன் சொன்னான். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சலவைக் கூடத்தில் தண்ணீர் நின்றுபோய் மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். மருமகள் செருப்பைக் கழற்றி ஓசையில்லாமல் மாடி ஏறினாள். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்றுதான். உள்ளறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

செக்கர் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து சாய்ந்திருந்தார். நல்ல கையில் டம்ளர். நிறைந்த டம்ளர். அதை மறுவாளியின் உள்பக்கத்தோடு ஒட்டவைத்து, சத்தம் வராமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துக்கொண்டிருந்தார். கடைசித் துளி விழுந்ததும் விரலை டம்ளருக்குள் விட்டு, ஈர விரலால் உதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு கூஜாவை எடுக்கத் திரும்பியவர், வாசலில் அவளைப் பார்த்தார்.

டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவனின் முகம் எப்படிப் போகும் என்று அவர் சொன்னாரே, அதை அவள் அன்றைக்குப் பார்த்தாள்.

"என்ன மாமா பண்றீங்க? என்ன பண்றீங்க நீங்க?" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இத்தனை நாளா இதுவா? எல்லாத்தையும் கொட்டினீங்களா?"

"கொட்டலம்மா." அவர் அவசர அவசரமாகத் தலையாட்டினார். "வீணா எங்க கொட்டினேன்? வாளியிலதானே ஊத்தினேன். உபயோகமாகுதே."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவரை உலுக்கிவிட வேண்டும் போல இருந்தது. கூடவே வாளி வாளியாகத் தூக்கிப்போய்க் கொட்டிய தன் கையை எங்காவது கொண்டுபோய் வெட்டிப்போட்டுவிட வேண்டும் போலவும் இருந்தது. அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, திட்டிக்கொண்டே அழுதுகொண்டே, டம்ளர் டம்ளராகப் புகட்டினாள். அவரும் எதிர்க்காமல் குடித்தார். கொஞ்ச நேரத்தில் குடித்ததெல்லாம் அவள் மடியிலேயே வாந்தியாக வந்தது. அதற்குமேல் அவருக்கு நினைவு தெளியவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் சின்னப் பெண். கையைப் பிடித்துப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் மடிந்தது மடிந்தபடியே நின்றது. "கடைசியா எப்ப யூரின் போனாரு?" என்று கேட்டாள்.

"இப்பல்லாம் அவருக்கு அந்தத் தொந்தரவே இல்ல டாக்டர்," என்றான் மகன். காலைநேரத்து அந்த உற்சாகக் குரலில்தான் ஆரம்பித்தான். பாதியில் அவனுக்கே என்னவோ உறைத்தது. வாயை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருக்கிறது, இதயமும் பலவீனமாக இருப்பதால் இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்யத் தாங்கமாட்டார், நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றிப் பார்க்கிறோம் என்றாள். "கொஞ்சமாவது யூரின் இறங்கினா நம்பிக்கை இருக்கு. இறங்கலன்னா..." என்று தோளைக் குலுக்கினாள்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. கட்டிலுக்குக் கீழே கொக்கியில் தொங்கிய பிளாஸ்டிக் பை. அவர் உடம்பிலிருந்து ஒரு குழாய் அதற்குள் இறங்கியது. பையில் கோடு போட்டு எண்கள் அச்சடித்திருந்தார்கள். மகன் குனிந்து குனிந்து அதைப் பார்த்தான். அந்தப் பிளாஸ்டிக் பையில் ஏற வேண்டிய எண் ஏறவே இல்லை. மேலே பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது, கீழே ஒன்றும் வரவில்லை. காலும் முகமும்தான் வீங்கின.

மறுநாள் சாயங்காலம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். அவர் முதலில் பாட்டிலைப் பார்த்தார். "இது யார் கணக்குலம்மா ஓடுது?" என்று கேட்டார்.

"யார் கணக்குலயும் இல்ல மாமா. ஆஸ்பத்திரித் தண்ணி."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "விரிப்பு?" என்றார்.

அவள் விரிப்புக்கு அடியில் கையை விட்டாள். காய்ந்திருந்தது. இத்தனை நாள் எதற்காக ஏங்கினாளோ அது அவள் உள்ளங்கையில் சுட்டது.

"மாமா," என்றாள், காதோடு வாயை வைத்து. "மாமா, இங்க பாருங்க. விட்டுடுங்க மாமா. படுக்கையை நனைச்சிடுங்க. எத்தனை துணி ஆனாலும் நான் தொவைக்கறேன். நம்ம வீட்டுக்கு வில்லை போட்டாலும் பரவாயில்ல, லாரித் தண்ணி பிடிச்சாவது தொவைக்கறேன். ஒரே ஒரு தடவை நனைங்க மாமா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

குழாய் மாட்டியிருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. குரல் அவள் கட்டுக்குள் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். செக்கரின் கண் அவர்கள் எல்லோரையும் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"சத்தம் போடாதம்மா," என்றார். "எல்லாரும் பாக்கறாங்க." பிறகு அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, நல்ல கையால் அவள் மணிக்கட்டைத் தட்டினார். "நீ பயப்படாத. அடக்கித்தான் வச்சிருக்கேன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் மூச்சு நின்றது. பை கடைசிவரைக்கும் காலியாகத்தான் இருந்தது.

உடம்பை எடுத்துப்போன பிறகு வார்டு உதவியாள் அம்மாள் கட்டிலைச் சரிசெய்ய வந்தாள். தலையணையைத் தட்டினாள். விரிப்பின் மேல் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, உதறித் திருப்பி அதே கட்டிலில் மறுபடியும் விரித்தாள். "காஞ்சுதானேம்மா இருக்கு. நனைஞ்சா மட்டும்தான் துவைக்கப் போடணும்னு உத்தரவு," என்றாள், மருமகள் பார்ப்பதைப் பார்த்து. "அடுத்த ஆள் வெளியில காத்திருக்காங்க."

மருமகள் போய் அந்த விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். உதவியாள் அம்மாள், "ஏய், ஏய்!" என்று பின்னால் வர, அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாக் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனாள். விரிப்பைத் தொட்டிக்குள் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பலமாகக் கொட்டியது. அவள் தலையெல்லாம் தெறித்தது. அழுக்கே இல்லாத அந்தத் துணியை அவள் அடித்தாள், கசக்கினாள், பிழிந்தாள், மறுபடியும் நனைத்தாள். தொட்டி நிறைந்து வழிந்து வராந்தாவில் ஓடியது. அவள் வாய்விட்டு அழுத சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. உதவியாள் அம்மாள் பக்கத்தில் வரப் பயந்து தள்ளியே நின்றாள்.

காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு மகன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். ஓடுகிற தண்ணீரில் கால் வைத்து, அவள் பின்னால் வந்து நின்றான். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான். ஒரு கை அவள் தோளைத் தொட்டது. இன்னொரு கை, அவன் ஒன்றும் நினைக்காமலே, தானாக நீண்டு போய்க் குழாயை மூடியது.